பசியும் உபரியும் – பகுதி 6: ஃபீனிக்ஸில் பிறந்த உணவு வங்கி

உணவு மிகுந்து கிடப்பதும் மக்கள் பசித்துக் கிடப்பதும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நிகழக்கூடியவை என்பதை 1930களின் பெருமந்தம் உலகுக்கு உணர்த்தியதை முந்தைய பகுதி விரிவாகக் கூறியது. பண்ணைப் பொருள்களின் விலைச்சரிவைத் தடுப்பதற்காக 1933இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 60 லட்சம் பன்றிகளை விலைகொடுத்து வாங்கிக் கொன்றபோது, அவற்றின் பெரும்பகுதி உணவாகாமல் கொழுப்பாகவும் உரமாகவும் மாற்றப்பட்டது. வேலையிழந்தோர் ரொட்டிக்காக வரிசையில் நின்ற நாட்டில் இச்செய்தி எழுப்பிய கொதிப்பே, அவ்வாண்டு அக்டோபரில் கூட்டாட்சி உபரி நிவாரணக் கழகம் என்ற அரசு அமைப்பு தோன்றக் காரணமாயிற்று. 1939இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் தொடங்கிய உணவு முத்திரைத் திட்டமும் இவ்வழியில் வந்ததே. பணம் கொடுத்து ஆரஞ்சு நிற முத்திரைகளை வாங்கிய ஏழைக் குடும்பத்திற்கு, அவற்றின் பாதி மதிப்புக்கு நீல நிற முத்திரைகள் இலவசமாகக் கிடைத்தன; உபரி என்று அரசு அறிவித்த பொருள்களை மட்டுமே நீல முத்திரையால் வாங்க முடியும். போர் வந்து உபரியும் வேலையின்மையும் மறைந்தபோது, 1943இல் அத்திட்டமும் முடிந்தது.

இம்முயற்சிகள் அனைத்திலும் உபரியை வாங்கியதும் பங்கிட்டதும் அரசே. தனியார் நிறுவனங்களின் கிடங்குகளிலும் கடைகளிலும் தேங்கி வீணாகும் உணவைத் திரட்டிப் பசித்தவரிடம் சேர்க்கும் நிலையான ஏற்பாடு அமெரிக்காவில் உருவாவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த ஏற்பாட்டுக்கு உணவு வங்கி என்று பெயர். அது பசித்தவருக்கு நேரடியாகச் சோறிடும் இடமன்று. நன்கொடையாக வரும் உணவை மொத்தமாகப் பெற்று, தரம் பார்த்துப் பிரித்து, சேமித்து, அப்பகுதியில் உள்ள தொண்டு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கிடங்கு. சமைத்த உணவைப் பரிமாறும் இலவச உணவுக்கூடங்களும், குடும்பங்களுக்கு மளிகைப் பொருள்களைக் கொடுத்தனுப்பும் வழங்கு நிலையங்களும் அக்கிடங்கிலிருந்து பொருள் பெறுகின்றன. மொத்த வணிகருக்கும் சில்லறைக் கடைக்கும் இடையே உள்ள உறவே இங்கும் நிலவுகிறது. விற்பனை மட்டும் இல்லை.

இவ்வமைப்பை முதலில் உருவாக்கியவர் ஜான் வான் ஹெங்கல். விஸ்கான்சின் மாநிலத்தின் வாபன் என்ற ஊரில் 1923இல் பிறந்த அவர், கலிஃபோர்னியாவில் பல தொழில்களில் ஈடுபட்டு, மணமுறிவுக்குப் பின் பிறந்த மாநிலத்திற்குத் திரும்பி, அங்கே ஒரு கல்குவாரியில் வேலை பார்த்தார். உடலில் ஏற்பட்ட காயத்தின் காரணமாக வெப்பமான இடத்தில் வாழ வேண்டிய நிலை வந்தபோது, அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் குடியேறினார். வயது நாற்பதைக் கடந்து, கையில் சேமிப்பு ஏதுமின்றி, மிக எளிய வாழ்க்கை வாழ்ந்த அவர், புனித வின்சென்ட் தே பால் சபையின் இலவச உணவுக்கூடத்தில் தொண்டராகச் சேர்ந்தார். ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் ஆரஞ்சும் பம்பளிமாசு போன்ற பெரிய எலுமிச்சைக் குடும்பப் பழங்களும் பறிப்பாரின்றி உதிர்ந்து அழுகுவதைக் கண்டு, உரியவர்களிடம் அனுமதி பெற்று அவற்றைப் பறித்து வந்து உணவுக்கூடத்தில் சேர்த்தார். பழங்கள் ஒரு கூடத்தின் தேவையை மிஞ்சியபோது அவற்றை நகரின் பிற தொண்டு அமைப்புகளுக்கும் எடுத்துச் சென்றார். உணவு வங்கியின் செயல்முறை முழுவதும் இந்தச் சிறு பழக்கத்தில் அடங்கியிருந்தது என்று கூறலாம்.

சிறையில் இருந்த கணவனின் துணையின்றிப் பத்துப் பிள்ளைகளை வளர்த்து வந்த ஒரு பெண், பல்பொருள் அங்காடியின் பின்புறக் குப்பைத் தொட்டிகளில் கிடைத்ததைக் கொண்டு அவர்களுக்கு உணவளித்ததாகவும், வேண்டாத உணவை இடுவதற்கும் வேண்டியவர் எடுப்பதற்கும் வங்கியைப் போன்ற ஓர் இடம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் கூறியதிலிருந்தே இந்தக் கருத்தும் பெயரும் தோன்றியதாகவும் வான் ஹெங்கல் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பெண்ணின் சொல்லை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்பதும், இந்நிறுவனத்தின் கருத்து முதலில் பசியை அனுபவித்த ஒருவரிடமிருந்து வந்தது என்பதும் வரலாற்றில் பதிவுபெற வேண்டியவை. 1967இல் ஃபீனிக்ஸின் புனித மேரி தேவாலயம் 3,000 டாலர் பணத்தையும் பயனற்றுக் கிடந்த ஒரு பழைய ரொட்டித் தொழிற்கூடத்தையும் அளித்தது. புனித மேரி உணவு வங்கி அங்கே தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 125 டன் உணவு அங்கிருந்து 36 தொண்டு அமைப்புகளைச் சென்றடைந்தது.

இவ்வளவு உணவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை, அக்காலத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த உணவுத் தொழிலின் இயல்பில் இருந்தது. சீட்டு தவறாக ஒட்டப்பட்ட பெட்டிகள், நசுங்கிய தகர டப்பாக்கள், அறிவித்த எடைக்குச் சற்றுக் குறைந்த பொட்டலங்கள், சந்தையில் எடுபடாததால் கைவிடப்பட்ட புதிய தயாரிப்புகள், பண்டிகை முடிந்தபின் விலைபோகாத வண்ண உறையிட்ட பண்டங்கள் ஆகியவை உண்பதற்கு முற்றிலும் தகுதியானவை; விற்பதற்கு மட்டுமே தகுதியற்றவை. அவற்றோடு தேதிச் சீட்டால் கழிக்கப்படும் பொருள்களையும் சேர்க்க வேண்டும். குழந்தைகளுக்கான பால்மாவு நீங்கலாகப் பிற உணவுகளில் தேதி அச்சிட வேண்டுமென்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பொட்டலங்களில் காணப்படும் தேதிகளில் பெரும்பாலானவை சுவையும் தன்மையும் சிறந்திருக்கும் காலத்தைப் பற்றிய தயாரிப்பாளரின் கணிப்பே தவிர, அந்நாளுக்குப் பின் உணவு கெட்டுவிடும் என்ற எச்சரிக்கை அல்ல. ஆயினும் அத்தேதி நெருங்கியதும் கடைக்காரர் பொருளை அலமாரியிலிருந்து எடுத்துவிடுகிறார். அலமாரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்ற வணிக வழக்கமே மிச்சத்தை நாள்தோறும் உண்டாக்குகிறது.

உபரி இருந்தும் அதைக் கொடுக்க நிறுவனங்கள் தயங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது வரிச் சட்டம். 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம், நிறுவனம் தன் சரக்கை நன்கொடையாக அளித்தால் சந்தை விலையை அன்றி அடக்க விலையை மட்டுமே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்தது. சரக்கைக் குப்பையில் கொட்டி அழித்தாலும் அதே அடக்க விலையைக் கழிக்க முடிந்ததால், ஏற்றி இறக்கும் செலவையும் ஏற்று நன்கொடை அளிப்பதைவிட அழிப்பதே கணக்குக்கு எளிதாக இருந்தது. 1976ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை மாற்றியது. நோயாளர், ஏழைகள், குழந்தைகள் ஆகியோரின் பயனுக்காகத் தொண்டு அமைப்புகளுக்கு அளிக்கப்படும் சரக்குக்கு, அடக்க விலையோடு, அதை விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய இலாபத்தில் பாதியையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் மொத்தம் அடக்க விலையின் இருமடங்கைத் தாண்டக்கூடாது. 60 டாலர் அடக்கமும் 100 டாலர் விற்பனை விலையும் உடைய சரக்கைக் கொட்டி அழித்தால் 60 டாலரும், கொடுத்தால் 80 டாலரும் கழிவாகக் கிடைத்தன. உணவு வங்கிகளின் வளர்ச்சியில் அறவுணர்வுக்கு உள்ள பங்கைக் குறைத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால் பெருநிறுவனங்களின் வாயிலைத் திறந்தது இந்த 20 டாலர் வேறுபாடே என்பதை ஒதுக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுத இயலாது.

இரண்டாவது காரணம் வழக்கு பற்றிய அச்சம். கொடுத்த உணவை உண்டு ஒருவர் நோயுற்றால் கொடுத்தவர் இழப்பீடு தர நேருமோ என்ற ஐயம் பல நிறுவனங்களைத் தடுத்தது. 1977இல் கலிஃபோர்னியா, நல்லெண்ணத்துடன் உணவளிப்போரைப் பொறுப்பிலிருந்து காக்கும் சட்டத்தை இயற்றியது. பிற மாநிலங்களும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. ஆயினும் மாநிலத்திற்கு மாநிலம் சட்டத்தின் சொற்களும் எல்லைகளும் வேறுபட்டதால், நாடெங்கும் கிளை பரப்பிய நிறுவனங்களுக்கு அச்சம் முழுவதும் நீங்கவில்லை. 1996 அக்டோபர் 1 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டமே நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோலைத் தந்தது. பசி ஒழிப்பில் நெடுங்காலம் அக்கறை காட்டி, அவ்வாண்டு ஜூனில் மறைந்த மிசூரி மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் பில் எமர்சனின் பெயரை அது தாங்கியிருக்கிறது. கடுமையான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இல்லாதவரை, நல்ல நிலையில் இருப்பதாக நம்பி உணவளித்தவர்மீது பொறுப்புச் சுமத்த முடியாது என்பது அதன் சாரம்.

இச்சட்டங்கள் வருவதற்கு முன்பே ஃபீனிக்ஸின் முயற்சி பிற நகரங்களின் கவனத்தை ஈர்த்திருந்தது. இதே போன்ற கிடங்குகளை நாட்டின் பிற பகுதிகளில் நிறுவ உதவுமாறு 1975இல் கூட்டாட்சி அரசின் மானியம் வந்தது. 1977க்குள் 18 நகரங்களில் உணவு வங்கிகள் இயங்கின. அவற்றை இணைக்க உருவான செகண்ட் ஹார்வெஸ்ட் என்ற தேசிய அமைப்பு, 1979இல் புனித மேரி வங்கியிலிருந்து பிரிந்து தனி நிறுவனமாகியது. பின்னர் சிகாகோவைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. பெருநிறுவனம் ஒன்று பல மாநிலங்களில் உள்ள தன் ஆலைகளின் உபரியை ஒரே அமைப்புடன் பேசி ஒப்படைக்க முடிந்தது அதன் முதன்மையான பயன். அதே காலத்தில் கனடாவின் எட்மன்டனில் 1981இலும், பாரிஸில் 1984இலும் உணவு வங்கிகள் தோன்றின. நியூயார்க்கில் 1982இல் தொடங்கிய சிட்டி ஹார்வெஸ்ட், உணவகங்களில் மிஞ்சும் விரைவில் கெடக்கூடிய உணவை அன்றன்றே எடுத்துச் சென்று சேர்க்கும் முறையை வளர்த்தது. 1993இல் பெர்லினில் உருவான ஜெர்மானிய இயக்கத்திற்கு இதுவே முன்மாதிரி. 2008இல் செகண்ட் ஹார்வெஸ்ட், ஃபீடிங் அமெரிக்கா என்று பெயர் மாறியது. இன்று சுமார் 200 உணவு வங்கிகளும் 60,000 வழங்கு நிலையங்களும் உணவுக்கூடங்களும் அதன் வலையில் உள்ளன.

ஆனால் 1980களின் வளர்ச்சியைத் திறமையான நிர்வாகத்தின் விளைவு என்று மட்டும் கருதுவது பிழை. 1981இல் அதிபர் ரானல்டு ரேகனின் அரசு, போருக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றிருந்த உணவு முத்திரை உள்ளிட்ட நலத்திட்டங்களின் நிதியைக் குறைத்தது. 1982இன் இறுதியில் வேலையின்மை 10.8 விழுக்காட்டை எட்டியது. அதே வேளையில், பால் விலை வீழாமல் காக்க அரசு வாங்கிக் குவித்த பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் பால்மாவும் கிடங்குகளில் நிறைந்து, சில இடங்களில் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. 1981 டிசம்பரில் அவற்றிலிருந்து 3 கோடி பவுண்டு பாலாடைக்கட்டியை ஏழைகளுக்கு வழங்க ரேகன் ஆணையிட்டார். ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க அரசிடம் தனி அமைப்பு இல்லாததால் தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் உணவு வங்கிகளும் அப்பணியை ஏற்றன. இதற்காகப் புதிதாகத் தோன்றிய வழங்கு நிலையங்களும் பல. 1983இல் இது தற்காலிக அவசர உணவு உதவித் திட்டமாகச் சட்டவடிவம் பெற்றது. சில ஆண்டுகளில் பால் உபரி குறைந்தது, வரிசைகள் குறையவில்லை. எனவே 1988இல் இயற்றப்பட்ட பசித்தடுப்புச் சட்டம், இத்திட்டத்திற்காக உணவை விலைகொடுத்து வாங்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1990இல் திட்டத்தின் பெயரிலிருந்து 'தற்காலிக' என்ற சொல் நீக்கப்பட்டது. உபரியைக் கழிப்பதற்காகப் பிறந்த திட்டம், உபரி தீர்ந்த பின்னும் பசிக்காகத் தொடர வேண்டியதாயிற்று. பசியின் அளவும் உபரியின் அளவும் ஒன்றையொன்று பின்பற்றுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வரலாற்றில் இல்லை.

திரண்ட உணவை யாருக்கு எவ்வாறு பங்கிடுவது என்ற சிக்கல் திரட்டுவதைவிடக் கடினமானது. அதற்குக் கண்ட தீர்வு, உணவு வங்கிகளின் வரலாற்றிலேயே சிந்திக்கத்தக்க நிகழ்வு. 2005 வரை தேசிய அமைப்பு வரிசை முறையைக் கையாண்டது. ஒவ்வொரு வங்கியின் பகுதியிலும் உள்ள ஏழைகளின் எண்ணிக்கையையும் அதுவரை அது பெற்ற உணவின் எடையையும் ஒப்பிட்டு, மிகவும் பின்தங்கிய வங்கி வரிசையின் தலையில் நிறுத்தப்பட்டது. ஒரு லாரி நிறையச் சரக்கு நன்கொடையாக வந்ததும் முதலில் நிற்கும் வங்கிக்கு அது அளிக்கப்பட்டது. சில மணி நேரத்திற்குள் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ அவ்வங்கி கூற வேண்டும், ஏற்றால் போக்குவரத்துச் செலவும் அதனுடையது. இம்முறையில் ஒரு பவுண்டு உருளைக்கிழங்கும் ஒரு பவுண்டு பால்மாவும் சமம். ஒவ்வொரு வங்கியும் தன் வட்டாரத்திலேயே திரட்டும் உணவு என்ன, அதன் கிடங்கில் எது மிகுதி எது குறைவு என்பவை தலைமையகத்திற்குத் தெரியாது. உருளைக்கிழங்கு விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஐடஹோவுக்கே உருளைக்கிழங்கு அனுப்பப்படுவது இக்குறையை விளக்க அடிக்கடி கூறப்பட்ட எடுத்துக்காட்டு.

இதைச் சீர்செய்ய சிகாகோ பல்கலைக்கழகத்தின் அறிஞர்களையும் உணவு வங்கி இயக்குநர்களையும் கொண்ட குழு அமைக்கப்பட்டது. பொருளியலாளர் கானிஸ் பிரென்டர்காஸ்ட் அதில் முதன்மைப் பங்காற்றினார். அக்குழு முன்வைத்தது ஏல முறை. ஆனால் பணம் கொண்டு ஏலம் நடத்தினால் செல்வர் மிகுந்த நகரத்தின் வங்கி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்; ஆகவே உணவுக்கு மட்டுமே செல்லுபடியாகும் 'பங்கு' என்ற கற்பனை நாணயம் உருவாக்கப்பட்டு, ஏழைகள் மிகுந்த பகுதியின் வங்கிக்கு மிகுந்த பங்குகள் வழங்கப்பட்டன. வார நாள்களில் நாள்தோறும் இருமுறை, மூடிய கேட்புகளால் ஏலம் நடைபெற்றது. ஒரு நாளில் செலவான பங்குகள் அனைத்தும் அன்றிரவே மீண்டும் எல்லா வங்கிகளுக்கும் பிரித்தளிக்கப்பட்டதால், ஒருமுறை செலவழித்தவர் நெடுநாள் வெறுங்கையுடன் இருக்க நேரவில்லை. சிறிய வங்கிகளுக்குக் கடன் வசதி உண்டு; ஏலத்தைக் கவனிக்க ஆளில்லாதவை தங்கள் சார்பில் கேட்குமாறு தலைமையகத்தை அமர்த்திக்கொள்ளலாம். எவரும் விரும்பாத, ஏற்றிச் செல்லவே செலவு பிடிக்கும் சரக்கை எடுத்துக்கொள்ளும் வங்கிக்குப் பங்குகள் கொடுக்கும் எதிர்மறை விலைக்கும் இடம் இருந்தது.

மிச்சிகனின் மேற்குப் பகுதி உணவு வங்கியை நடத்திய ஜான் ஆர்னால்டு, தம்மைச் சமதர்மவாதி என்று கூறிக்கொண்டு, சந்தை முறை ஏழைகளின் உணவுக்குள் நுழைவதைத் தொடக்கத்தில் எதிர்த்தார். அந்த எதிர்ப்பு பொருளற்றதன்று. சந்தையால் கைவிடப்பட்டவர்களுக்காகவே உணவு வங்கி தோன்றியது. ஆனால் முறை நடைமுறைக்கு வந்தபின் அவரே அதை ஆதரித்தார். தானியச் சிற்றுண்டி, பாஸ்தா, வேர்க்கடலை வெண்ணெய் போன்று நெடுநாள் தாங்கும் பொருள்களுக்குப் பங்கு விலை மிக உயர்ந்தும், காய்கறிகளுக்கு மிகத் தாழ்ந்தும் அமைந்தன. இதனால், வட்டார நன்கொடை குறைவான ஏழை வங்கிகள் விலை தாழ்ந்த சரக்கைக் கேட்டுப் பெற்றுத் தங்கள் பங்குகளுக்கு முன்னைவிடப் பன்மடங்கு எடையுள்ள உணவை எடுத்துச் செல்ல முடிந்தது. பெரிய கொடையாளர்களை அருகில் கொண்ட வங்கிகள் தமக்குக் கிடைக்காத ஓரிரு பொருள்களுக்குச் சேமித்துச் செலவிட்டன. ஒரே தராசில் நிறுத்த எடையால் வராத நியாயம், அவரவர் தேவையை அவரவரே சொல்ல இடமளித்ததால் வந்தது. ஆர்னால்டு தம் வட்டாரத்தில் இதே கொள்கையைக் குடும்பங்களின் அளவிலும் வலியுறுத்தினார். முன்கூட்டியே கட்டிய பையைக் கையில் கொடுத்தால் அக்குடும்பம் உண்ணாத பொருள்கள் மீண்டும் வீணாகும் என்பதால், வழங்கு நிலையங்களில் மக்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பசித்தவருக்கும் விருப்பம் உண்டு என்பதை ஒரு நிர்வாக விதியாக ஆக்கியது அவர் செய்த பெரும்பணி.

இவ்வளவுக்குப் பின்னும் உணவு வங்கிகளை நோக்கி எழுந்த அடிப்படையான கேள்வி நீடிக்கிறது. சமூகவியலாளர் ஜேனட் பாப்பன்டீக் 1998இல் வெளியிட்ட நூலில், அவசர உணவு அமைப்புகளின் பெருக்கம் சமூகத்தின் மனச்சான்றை ஆற்றி, வறுமையை ஒழிக்க வேண்டிய பொறுப்பிலிருந்து அரசு நழுவ வழிசெய்கிறது என்று வாதிட்டார். சட்டப்படி கிடைக்கும் உணவு முத்திரை ஓர் உரிமை; அது மறுக்கப்பட்டால் முறையிடலாம். வழங்கு நிலையத்தின் பை தீர்ந்துபோனால் முறையிட இடமில்லை. உணவு வங்கிகளின் தொண்டர்களிடம் அவர் கொண்ட மதிப்பு அந்நூல் முழுவதும் புலப்படுகிறது என்பதால், இக்கண்டனத்தைத் தொண்டின் மீதான பழியாகக் கொள்ளாமல், தொண்டின் மீது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதற்கு எதிரான எச்சரிக்கையாகக் கொள்வதே பொருந்தும்.

2020இன் வசந்த காலம் அந்த எச்சரிக்கையை மெய்ப்பித்தது. கொரோனா தொற்றால் பள்ளிகளும் உணவகங்களும் மூடப்பட்டபோது, அவற்றுக்கான பொட்டலங்களில் அடைத்துப் பழகிய ஆலைகள் வீட்டுக்கான அளவுகளுக்கு உடனே மாற இயலாததால், பண்ணையாளர்கள் பாலைத் தரையில் கொட்டினர். அதே ஏப்ரலில் டெக்ஸஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ உணவு வங்கி முன் ஆயிரக்கணக்கான கார்கள் வரிசையில் நின்றன. கிடங்கும் குளிர்பதன லாரியும் வலைப்பின்னலும் இருந்தும், கறந்த பாலை அடைக்கப் புட்டி இல்லை. மேலும், வீணாகும் உணவின் பெரும்பங்கு உணவு வங்கியால் எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகின் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. வீட்டுத் தட்டில் மிஞ்சியதை எந்தக் கிடங்கும் திரட்ட முடியாது.

வான் ஹெங்கல் 2005 அக்டோபரில் ஃபீனிக்ஸில் காலமானார். அவர் தொடங்கிய அமைப்பு கோடிக்கணக்கானோருக்கு உணவைக் கொண்டு சேர்த்திருக்கிறது. குப்பைக்குப் போயிருக்கக்கூடியதை உணவாகவே காத்திருக்கிறது. அதற்காக அது போற்றத்தக்கது. ஆயினும் 2023இல் அமெரிக்காவில் 4.7 கோடிக்கு மேற்பட்டோர் போதிய உணவு உறுதியில்லாத குடும்பங்களில் வாழ்ந்ததாக அந்நாட்டு வேளாண் துறை கணக்கிட்டது. உணவு வங்கிகள் அளிக்கும் ஒவ்வொரு வேளை உணவுக்கும் ஈடாக, உணவு முத்திரையின் இன்றைய வடிவமான அரசுத் திட்டம் ஒன்பது வேளை உணவை அளிக்கிறது என்று ஃபீடிங் அமெரிக்காவே கூறி வருகிறது.